பெலூகாவின் ஏழு கழுத்தெலும்புகள்

ஒரு தாயை, அவருடைய மகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வகுப்பு முழுவதற்கும் முன்னால் நான் அவமானப்படுத்தினேன். அவர் சொன்னது சரி. நான் சொன்னது பிழை. பிழை என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் என்னை நல்லவனென்று நம்பிக்கொண்டு பாதி தூரம் என்னோடு வந்துவிடுவீர்கள்.

நடந்தது பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில். செய்ன் நதிக்குள் ஒரு வெள்ளைத் திமிங்கிலம் வழிதவறி வந்த அந்த வருடம், செப்டெம்பர் மாதம்.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் பட்டதாரி ஆசிரியராக இருந்தேன். இங்கே வந்து பதினெட்டு வருடம் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். திங்கள் முதல் சனி வரை என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் 'மாஸ்டர்'. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் தமிழ்ப் பள்ளி ஞாயிறு தோறும் நடக்கிறது. புறநகர்களான சார்செலிலிருந்தும் லெ பிளாங்-மெனிலிலிருந்தும் பிள்ளைகள் ரயில் பிடித்து வருவார்கள். அங்கே கரும்பச்சைக் கோட்டு அணிந்து நுழையும்போது நான் மறுபடியும் நானாகிவிடுவேன்.

என் பெருமைகளில் பெரியது எது தெரியுமா? நான் வகுப்பறைக்குள் காலடி வைத்தால் சத்தம் அப்படியே நின்றுவிடும். பிரான்ஸில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். வெளியே மெட்ரோவில் அவர்கள் போடும் கூச்சல் ஊருக்கே கேட்கும். ஆனால் என்னைக் கண்டால் எழுந்து நின்று, "வணக்கம் மாஸ்டர்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு மூச்சு விடுவதுகூடக் கேட்காது. ஒவ்வொரு அறையிலும் 'அமைதி காக்கவும்' என்று என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்தேன். புதிதாக வரும் பெற்றோருக்கு அந்த அமைதியைத்தான் முதலில் காட்டுவேன்.

அந்த ஓகஸ்ட் மாதம் லாச்சப்பலில் வேறு பேச்சே இல்லை. எல்லார் கைத்தொலைபேசியிலும் அந்தத் திமிங்கிலம்தான். வடதுருவக் கடலில் இருக்க வேண்டிய பெலூகா, பாரிஸுக்குக் கீழே சில பத்துக் கிலோமீட்டர் தூரத்தில், படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்குள் வந்து நின்றது. மீன் கொடுத்துப் பார்த்தார்கள், தொடவில்லை. எங்கள் பள்ளி நிர்வாகிக்குப் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை இருக்கிறது. அங்கே மரக்கறி வாங்க நிற்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பாவம், பேப்பர் இல்லாமல் வந்திட்டுது. பிரெபெக்தூரிலை றாந்தேவூ கிடைக்கேல்லைப் போலை."

"அகதி அந்தஸ்து கேட்டால் குடுப்பாங்களோ அண்ணை?"

"ஆர் கண்டது? வெள்ளையாய்த்தானே இருக்கு. குடுத்தாலும் குடுப்பாங்கள்."

விசாவுக்காகப் பிரெபெக்தூர் அலுவலகத்தில் சந்திப்பு நாள் கேட்டு அலையாதவர் அங்கே யாரும் இல்லை. கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சில நாட்களில் அது இறந்துவிட்டது. ஆற்றிலிருந்து தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோகும் வழியில், இனித் தேறாது என்று மருத்துவர்களே அதன் துன்பத்தை முடித்துவைத்தார்கள். அன்று அந்தக் கடையில் யாரும் பகிடி விடவில்லை. கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்தபடி ஒரு அம்மா, "தனிய வந்து தனியச் செத்துப்போச்சு" என்றார். அவ்வளவுதான்.

செப்டெம்பரில் பள்ளி தொடங்கியது. ஒரு ஆசிரியர் குறைவு. எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது: புதிதாகப் படிப்பிக்க வருகிறவர், சம்பளமில்லாத தொண்டுதான் என்றாலும், பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். நாங்கள் மூன்று பேர் கடைசி வாங்கில் அமர்ந்து புள்ளி போடுவோம். மளிகைக் கடை வைத்திருக்கும் நிர்வாகி ஒருவர். பாண்டிச்சேரியைச் சேர்ந்த, இங்கே அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இன்னொருவர். மூன்றாவது நான். மூன்று பேர் என்பது பெயருக்குத்தான். என் தாளில் உள்ள புள்ளிதான் முடிவு.

அந்த ஞாயிறு வந்தவர் நாற்பது வயதுப் பெண். சார்செலிலிருந்து வந்திருந்தார். உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தபோது யுத்தத்தில் இடம்பெயர்ந்து, பரீட்சை எழுத முடியாமலே போனவர். அவருடைய பத்து வயது மகள் அதே வகுப்பில் இரண்டாவது வாங்கில் இருந்தாள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அம்மா படிப்பிக்க வருகிறார் என்பதால் அன்று தலைக்கு வெள்ளை ரிபன் கட்டி வந்திருந்தாள்.

தலைப்பு அவருடைய விருப்பம். பெலூகா என்றார்.

எங்கள் வகுப்பில் பலகை வெள்ளை. வெள்ளைப் பலகையில் வெள்ளைத் திமிங்கிலத்தை எப்படி வரைவது? அவர் திமிங்கிலத்தை வரையவே இல்லை. நீல நிறப் பேனாவால் கடலைத் தீட்டினார். தீட்டாமல் விட்ட இடம் திமிங்கிலமாக நின்றது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். நான் தாளில் எதுவும் எழுதவில்லை.

பெலூகாக் குட்டி பிறக்கும்போது சாம்பல் நிறம், வெள்ளையாகப் பல வருடம் செல்லும் என்றார். அதன் முதுகில் துடுப்புப் போன்ற செட்டை இல்லை. ஏன்? பனிக்கட்டிக்குக் கீழே நீந்த வேண்டும், செட்டை இருந்தால் இடிக்கும். நெற்றியில் பந்து போலப் புடைத்திருக்கிறதே, அது சத்தம் எழுப்பும்போது உருவம் மாறும். அந்தச் சத்தம் போய் மோதித் திரும்பி வருவதை வைத்துத்தான் இருட்டில் வழி கண்டுபிடிக்கும். கோடை வந்தால் தாய் எந்த ஆற்றுமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதோ, அதே இடத்துக்குக் குட்டியும் வளர்ந்த பிறகு திரும்பித் திரும்பிப் போகும்.

"பெலூகா தனிய இராது. கூட்டமாய்த்தான் திரியும். ஓயாமல் கதைக்கும். விசில் அடிக்கும், கிறீச்சிடும், மணி அடிக்கிற மாதிரியும் சத்தம் போடும். அதாலை பழைய மாலுமியள் அதைக் கடல் குருவி எண்டு சொல்லுறவையாம். தாயும் குட்டியும் பிரிஞ்சிட்டால் ஒண்டையொண்டு கூப்பிடும். எங்கை, நீங்கள் ஒருக்காக் கூப்பிடுங்கோ பாப்பம்?"

முப்பது பிள்ளைகளும் விசில் அடித்தார்கள், கீச்சிட்டார்கள், ஒருவன் மேசையில் தட்டினான். என் பேனா தானாக நகர்ந்தது. 'வகுப்புக் கட்டுப்பாடு: இல்லை.' கீழே இரண்டு கோடு போட்டேன்.

"ஆனால் ஒரேயொரு நேரம் பெலூகாக்கள் வாயைத் திறக்காது. எப்ப எண்டு தெரியுமோ? கொலைத் திமிங்கிலம் கிட்ட வந்தால். அது கேட்டிடும் எண்ட பயம். எல்லாம் ஒரேயடியாய்க் கதையை நிப்பாட்டிப் போடும்."

பிள்ளைகள் கூச்சலை நிறுத்தி அவரையே பார்த்தார்கள். அவருடைய மகள் கையை உயர்த்தினாள். அது எங்களை எப்படிப் பார்க்கும் என்று பிரெஞ்சில் கேட்டாள். அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"கனக்கத் திமிங்கிலங்கள் முழு உடம்பையும் திருப்பித்தான் பாக்கும். பெலூகா எங்களைப் போலை. கழுத்தைத் திருப்பிப் பாக்கும். எல்லாரும் திருப்புங்கோ. இஞ்சாலை. அங்காலை."

முப்பது தலைகள் இடமும் வலமும் திரும்பின. மகள் திரும்பிக் கடைசி வாங்கில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எழுந்தேன்.

"பிள்ளை, ஒரு நிமிசம்."

"சொல்லுங்கோ மாஸ்டர்."

"திமிங்கிலத்துக்குக் கழுத்தெலும்பு எத்தினை?"

"ஏழு மாஸ்டர்."

"அது ஒண்டோடை ஒண்டு ஒட்டியிருக்கோ, விலகியிருக்கோ?"

"கனக்கத் திமிங்கிலங்களிலை ஒட்டியிருக்கும். பெலூகாவிலை விலகியிருக்கு. அதாலைதான் திருப்பேலும்."

"ஆர் சொன்னது?"

"நான் பாத்தனான் மாஸ்டர். எண்ணினனான்."

"எங்கை பாத்தனீர்?"

"வேலை செய்யிற இடத்திலை. எலும்புக்கூடுகள் வைச்சிருக்கிற மியூசியம்."

"அங்கை உமக்கு என்ன வேலை?"

எனக்குத் தெரியும். அவருடைய விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"மெனாஜ் மாஸ்டர்" என்றார். துப்புரவு வேலைக்கு எங்கள் எல்லாருடைய வாயிலும் இருக்கிற பிரெஞ்சுச் சொல் அது.

"நிலம் துடைக்கேக்கை பாக்கிறதெல்லாம் விலங்கியல் இல்லைப் பிள்ளை. நான் இதிலை பட்டம் எடுத்தவன். திமிங்கிலம் கழுத்தைத் திருப்பாது. பிழையானதைப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்காதையும்."

முன் வாங்குகளில் சிலர் சிரித்தார்கள். பிள்ளைகள்தானே, பெரியவர் ஒருவர் வெல்லும்போது அவர் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். பாண்டிச்சேரி அம்மா என் கோட்டு நுனியைப் பிடித்து, "சார், பாவம், முடிக்கட்டுமே" என்று மெதுவாகச் சொன்னார். நான் உட்காரவில்லை. அந்தப் பெண் பேனாவை மூடினார். துணியை எடுத்துத் தான் தீட்டிய கடலை ஒரு மூலை விடாமல் சுத்தமாகத் துடைத்தார். தொழில் தெரிந்த கை. பிறகு, "நன்றி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அறை முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என் வாழ்நாளில் நான் மிகவும் விரும்பிய அமைதி. 'விடய அறிவு போதாது' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

பதினெட்டு வருடம் மற்றவர்களின் எச்சில் கோப்பை கழுவியவன், நிலம் துடைக்கிறாய் என்று ஒரு பெண்ணைக் குத்திக் காட்டினேன். இதற்கு விளக்கம் எதுவும் இல்லை. உண்டாக்கவும் விரும்பவில்லை.

அவருடைய ஒரு சொல் மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டு இருந்தது. "எண்ணினனான்." படித்தேன் என்றோ யாரோ சொன்னார்கள் என்றோ அவர் சொல்லவில்லை. ஒக்டோபரில் ஒரு நாள் முடிவெடுத்தேன்: போய் அந்த எலும்புக்கூட்டைப் படம் எடுத்து வந்து நிர்வாகிக்குக் காட்டி, விவகாரத்தை ஒரேயடியாக முடித்துவிடுவது. கார் து நோர் நிலையத்தில் ஐந்தாம் இலக்க மெட்ரோ பிடித்தேன். ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்துக்கு முன்னால் அது பாலத்தில் ஏறி நதியைக் கடக்கும். கீழே செய்ன் மண்ணிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திமிங்கிலம் இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

அந்த மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, ஊர்வலம் போவதுபோல வரிசையாக நிற்கின்றன. நான் புத்தகப் படங்களை வைத்து மட்டுமே படிப்பித்த விலங்கு ஒழுங்குகள், குடும்பங்கள், எல்லாம் உயிரோடு எழுந்து வந்தது போல. இத்தனை வருடம் பாரிஸில் இருந்தும் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லையே என்று அன்றுதான் வெட்கப்பட்டேன். மரப் பலகை நிலம் பளபளத்தது. அதை மினுக்கியது யார் என்று அப்போது நினைக்கவில்லை.

முதலில் ஒரு பெரிய திமிங்கிலம். கழுத்தெலும்புகள் ஏழும் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. 'பார்த்தாயா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சற்றுத் தள்ளி, சிறியது. இலத்தீன் பெயரை வாசித்தேன். பெலூகா. குனிந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் நடுவே அந்தப் பக்கத்து யன்னல் வெளிச்சம் தெரிந்தது. ஏழுவரை எண்ணிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை விரலை நீட்டி எண்ணும்போது ஒரு காவலாளி தொடக்கூடாது என்றார். தொடவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து, ஊரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த என் பழைய பாடக் குறிப்பை எடுத்தேன். அதில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'பல திமிங்கிலங்களில் கழுத்தெலும்புகள் இணைந்திருக்கும்.' பல. எல்லாம் அல்ல. வருடக்கணக்காகப் படிப்பித்ததில் அந்த 'பல' எங்கேயோ உதிர்ந்து போயிருந்தது. யாரும் என்னைக் கேள்வி கேட்காததால் எனக்கே தெரியவில்லை.

அந்த இரவே நிர்வாகியைக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு டிசம்பர் நத்தார் விடுமுறை போகட்டும் என்றேன். பிறகு, இனிச் சொல்லி என்ன பயன் என்றேன். இதற்கிடையில் வரவுப் பதிவேட்டில் அந்த மகளின் பெயருக்கு நேரே, வராத ஞாயிறுகளின் சிவப்புக் குறிகள் வரிசையாக விழுந்தன. விதிப்படி பெயரை வெட்ட வேண்டும். நான்தான் வெட்டினேன். அடிமட்டம் வைத்து, நேராக.

ஜூன் மாதம் ஆண்டிறுதித் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வில் என் வகுப்புப் பிள்ளைகள் வெளுத்துக் கட்டினார்கள். ஒற்றுப்பிழைகூட இல்லை. பேச்சுத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து, "வீட்டிலை என்ன சமைச்சது?" என்று கேட்டார். என் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். நிலத்தைப் பார்த்தார்கள். "சோறு" என்றார்கள். அதற்கு மேல் வரவில்லை. ஐந்து வருடம், ஆறு வருடம் தமிழ் படித்த பிள்ளைகள்.

ஆசிரியர் அறையில் நான் கத்தினேன். பிள்ளைகளுக்கு வாய் இல்லையா என்றேன். பாண்டிச்சேரி அம்மா விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்:

"வாய் இருக்கு சார். நீங்க வந்தா மூடிக்கிறாங்க."

"மரியாதை அம்மா அது."

"மரியாதையா? அந்தப் பொண்ணு அன்னைக்கு என்ன சொல்லிச்சு, ஞாபகம் இருக்கா? கொலைத் திமிங்கிலம் வந்தா பெலூகா பேசாதுன்னு. பார்தோன் சார், மனசுல பட்டதைச் சொல்லிட்டேன்."

நிர்வாகி சுவரில் ஒட்டியிருந்த நாட்காட்டியை வாசிக்கத் தொடங்கினார். நான் அறைக்குள் வந்தபோதே அவர்கள் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்து, என்னைக் கண்டு நிறுத்தியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று மட்டுமா? எத்தனை வருடமாக.

அடுத்த வியாழன் காலை அந்த மியூசியத்தின் பின் வாசலில் போய் நின்றேன். ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வேலை முடிந்து வெளியே வந்தார். என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றார்.

"என்ன மாஸ்டர், வழி மாறி வந்திட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை. உம்மைப் பாக்கத்தான். நான் எண்ணிப் பாத்தனான். ஏழும் விலகித்தான் இருக்கு."

"எப்ப எண்ணினனீங்கள்?"

பொய் சொல்ல ஒரு இடம் கிடைத்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம்.

"ஒக்டோபரிலை."

அவர் கையால் மாதங்களை எண்ணவில்லை. முகத்தில் எண்ணுவது தெரிந்தது.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மாஸ்டர், நீங்கள் பிழை எண்டு. ஒவ்வொரு நாளும் தூசி தட்டுறவளுக்குத் தெரியாதே? அதிலை எனக்கு ஒண்டுமில்லை. ஆனால் என்ரை மகள் அண்டைக்கு ரயிலிலை வரேக்கை கேட்டவள், அம்மா, நீங்கள் பொய் சொன்னனீங்களோ எண்டு. நான் இல்லை எண்டன். அவள் நம்பேல்லை. மாஸ்டர் படிச்சவர், நீங்கள் மெனாஜ் தானே எண்டாள். என்னட்டை வந்து மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோசனம்? அவளுக்குச் சொல்லுங்கோ. எங்கை சொன்னீங்களோ, அங்கையே சொல்லுங்கோ."

"வருவியளோ?"

"அவள் வந்தால் வருவன்."

பள்ளி ஆண்டின் கடைசி ஞாயிறு அவர்கள் வந்தார்கள். அம்மா கதவடியில் நின்றார். மகள் உள்ளே வரவில்லை. அம்மாவின் கைப்பைப் பட்டியைப் பிடித்தபடி அருகிலேயே நின்றாள். நான் வகுப்புக்குள் போனேன். எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அமைதி விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

எழுதி வைத்துக்கொண்டு போனதை எடுக்கவில்லை. "போன வருசம் இந்த அம்மா பெலூகா கழுத்தைத் திருப்பும் எண்டு சொன்னவ. நான் திருப்பாது எண்டு சொன்னனான். அவ சொன்னது சரி. நான் சொன்னது பிழை. பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் நான் உங்களுக்குச் சொல்லேல்லை. அவவின்ரை வேலையைப் பற்றியும் கூடாத கதை கதைச்சனான். நானும் இஞ்சை பதினெட்டு வருசம் கோப்பை கழுவினனான். அதை நான் உங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லை" என்றேன்.

கதவடியிலிருந்து அந்த மகள் பிரெஞ்சில் கேட்டாள். "பூர்க்குவா, மெஸ்யூ?" ஏன் அப்படிச் செய்தீர்கள்?

எத்தனையோ பரீட்சைகளுக்குக் கேள்வி தயாரித்தவன் நான். இதைவிடக் கடினமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாது எண்டு சொல்ல வெக்கமாய் இருந்தது, பிள்ளை" என்றேன்.

அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கைப்பைப் பட்டியை விட்டாள். உள்ளே இரண்டடி வைத்து, என் முகத்துக்கு நேரே தன் கழுத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் திருப்பினாள். "இப்பிடித்தான்" என்றாள். தமிழில்.

யாரோ ஒருவன் விசில் அடித்தான். அதற்குப் பிறகு அந்த அறையை அடக்க யாராலும் முடியவில்லை. நானும் முயலவில்லை.

பாண்டிச்சேரி அம்மாவும் நிர்வாகியும் அன்றைக்கே அவரை ஆசிரியராக வரும்படி கேட்டார்கள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போய், கோடை விடுமுறை முழுக்க எங்களைக் காக்க வைத்தார். செப்டெம்பரில் கடைக்கு வந்து நிர்வாகியிடம், வருகிறேன், ஆனால் என் அறையில் அந்த 'அமைதி காக்கவும்' இருக்கக்கூடாது என்றாராம்.

"பிள்ளையள் கதைக்கிறதுக்குத்தானே அண்ணை இஞ்சை வருகினம்? வாயை மூடச் சொல்லிப்போட்டு, தமிழ் எங்காலை வரும்?"

நிர்வாகி இதை எனக்குச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அடுத்த ஞாயிறு அரை மணித்தியாலம் முன்னதாகப் போய், அவருடைய அறையில் மட்டுமல்ல, எல்லா அறைகளிலும் அந்தத் தாள்களை உரித்தேன். பழைய பசை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. சுவரில் அழுக்குக் கோடு நின்றது. வாளியில் தண்ணீர் எடுத்து நானே துடைத்தேன். அவர் வந்து கதவடியில் நின்று பார்த்தார்.

"மேலையிருந்து கீழை துடையுங்கோ மாஸ்டர். இல்லாட்டி ஊத்தை வடியும்" என்றார். பகிடியா, பழிவாங்கலா, தொழில் ஆலோசனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலிருந்து கீழே துடைத்தேன். ஊத்தை வடியவில்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு வருடமாக அவருடைய வகுப்பு நடக்கிறது. வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகள் எல்லோரையும் அந்த மியூசியத்துக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு. ஒவ்வொரு எலும்புக்கூட்டின் முன்னாலும் அவர் நின்று, தான் எண்ணியதை, தான் பார்த்ததைச் சொன்னார். பெலூகாவின் முன்னால் விளக்கம் சொன்னது அவருடைய மகள். ஒரு வரி தமிழ், இரண்டு வரி பிரெஞ்சு, மறுபடி தமிழ். கூட்டத்திலிருந்து பிரிந்துபோன வேறு இனத் திமிங்கிலம் ஒன்றைப் பெலூகாக் கூட்டம் தங்களோடு சேர்த்துக்கொண்டு கூடவே நீந்தியதும் உண்டு என்றாள். வேறு இனமா, ஏன் சேர்த்தது என்று ஒருவன் கேட்டான்.

"தனிய நிண்டுது. அதுதான்" என்றாள்.

அங்கே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்று, என்ன மொழி என்று என்னைக் கேட்டார்கள். தமிழ் என்றேன். அந்த அம்மா பேராசிரியரா என்றார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர் என்றேன். அந்தப் பட்டத்தைச் சொல்லும்போது என் பட்டத்தை ஒருநாளும் சொல்லாத பெருமையோடு சொன்னேன்.

போன ஜூன் பேச்சுத் தேர்வில் அவருடைய பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை என்று பரீட்சகர் குறை சொன்னார். வீட்டில் என்ன சமைத்தது என்று கேட்டால் யார் சமைத்தது, ஏன் உப்புக் கூடியது, அப்பா என்ன சொன்னார் என்பதெல்லாம் வருகிறதாம்.

இப்போது நான் யாருக்கும் புள்ளி போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வகுப்பின் கடைசி வாங்கில் போய் இருப்பேன். போன கிழமை மெட்ரோ தாமதம். வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். படியில் ஏறும்போதே கூச்சல் கேட்டது. என்னைக் கண்டால் நின்றுவிடுமோ என்ற வழக்கமான பயத்தோடு கதவைத் திறந்தேன். ஒன்றிரண்டு பேர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பித் தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள். சத்தம் நிற்கவில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் இதுதான் பெரியது என்று நினைத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் என் இடத்தில் போய் இருந்தேன்.